மர்சாலாவில் நின்ற இரண்டு கப்பல்கள்: இத்தாலியை ஒன்றாக்கியது யார்?

மேசைவிளக்கு:
பக்கத்து இழையில் செஞ்சட்டை என்னும் அன்பர், "இத்தாலியை ஒன்றாக்கியது காரிபால்டியின் வாள், காவூர் டூரினில் உட்கார்ந்து கணக்கெழுதியவர்" என்று தீர்ப்பளித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த இழை பூட்டப்பட்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன். புதியவர்களுக்கு: பல அரசுகளாகப் பிரிந்துகிடந்த இத்தாலியில் காரிபால்டி தன்னார்வப் படைத் தளபதி, காவூர் டூரினைத் தலைநகராகக் கொண்ட வடக்கத்திய பீட்மான்ட் அரசின் பிரதமர். 1858 ஜூலையில் பிரான்சின் பிளாம்பியேர் ஊரில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனோடு ஒரே குதிரை வண்டியில் சுற்றியபடியே, ஆஸ்திரியாவோடு எப்படிப் போரை மூட்டுவது, வென்றால் யாருக்கு எந்த நிலம், எந்த இளவரசியை யாருக்கு மணமுடிப்பது என்பது வரை பேசி முடித்தவரா கணக்கெழுதியவர்? அந்தப் பேரம் இல்லாவிட்டால் 1859இல் மஜென்டா வெற்றியும் இல்லை, சோல்ஃபெரினோ வெற்றியும் இல்லை. மிலானைச் சுற்றிய லொம்பார்டி ஆஸ்திரியாவிடமே இருந்திருக்கும்.

வாளின் பெருமைக்குச் சிசிலித் தீவின் மர்சாலாவைக் காட்டுகிறார். 1860 மே 11 அன்று காரிபால்டியின் ஆயிரவர் (ஏறத்தாழ ஆயிரம் தன்னார்வலர்) அங்கே கரையிறங்கியபோது ஆர்கஸ், இன்ட்ரெபிட் என்னும் இரண்டு ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தருகே நின்றிருந்தன. சிசிலியையும் ஆண்ட நேப்பிள்ஸ் அரசின் கடற்படை சுடத் தயங்கியது. அந்தத் தயக்கத்தில்தான் எல்லோரும் இறங்கினார்கள். இதில் வாள் எங்கே வந்தது?

செஞ்சட்டை:
என் பெயரைக் குறிப்பிட்டதற்கு நன்றி. அந்த இரண்டு கப்பல்களையும் காவூரா அனுப்பி வைத்தார்? மர்சாலாவில் ஆங்கிலேய வணிகர்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே திராட்சை மது ஏற்றுமதி செய்துவந்தார்கள். தங்கள் நாட்டாரின் கிடங்குகளைக் காக்கத்தான் கப்பல்கள் வந்து நின்றன. காவூர் செய்த உதவி என்னவென்று நான் சொல்கிறேன். பொதுமக்களிடம் நிதி திரட்டி வாங்கிய நல்ல துப்பாக்கிகள் மிலானில் கிடந்தன. ஆளுநர் தசேலியோ அவற்றைக் கொடுக்க மறுத்துவிட்டார். ஆயிரவர் துருப்பிடித்த பழைய துப்பாக்கிகளோடு கப்பலேறினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் காரிபால்டி பிறந்த நைஸ் நகரத்தையே பிரான்சுக்குத் தாரை வார்த்தவரைத்தான் நீங்கள் தேசத்தந்தை என்கிறீர்கள்.

அடிக்குறிப்பு:
இருவரும் ஒருகணம் நிறுத்துங்கள். "ஒன்றிணைப்பு" என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? 1861 மார்ச் 17 அன்று அரசு அறிவிக்கப்பட்டதையா, 1866இல் வெனிஸைச் சுற்றிய வெனிஷியா சேர்ந்ததையா, 1870 செப்டம்பர் 20 அன்று ரோம் வீழ்ந்ததையா? அதை முடிவு செய்யாமல் யார் செய்தார் என்று பேசுவது வீண்.

மேசைவிளக்கு:
அடிக்குறிப்பு ஐயாவின் கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கப்பல்களுக்கு விடை வேண்டும். அவற்றை யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவை அங்கே நின்றிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கேள்வி. நேப்பிள்ஸ் தளபதி, கரையில் ஆங்கிலேய அதிகாரிகள் இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார். ஆங்கிலேயக் கொடிக்கு அவ்வளவு மரியாதை. மே இறுதியில் சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் போர்நிறுத்தப் பேச்சு எங்கே நடந்தது என்று செஞ்சட்டை சொல்வாரா? அட்மிரல் மண்டியின் ஹானிபல் கப்பலில். அதுவும் ஆங்கிலேயக் கப்பல்தான். மர்சாலாவில் இரண்டு, பலெர்மோவில் ஒன்று, எண்ணிக்கொண்டே வாருங்கள்.

செஞ்சட்டை:
மர்சாலாவுக்கும் பலெர்மோவுக்கும் நடுவில் கலட்டஃபிமி என்றோர் இடம் உண்டு. அங்கே கடல் கிடையாது, ஆகவே கப்பலும் கிடையாது. மே 15 அன்று, படிப்படியாக ஏறும் குன்றில் மேலே நேப்பிள்ஸை ஆண்ட பூர்போன் அரசகுலத்தின் படை, கீழே இவர்கள். ஒவ்வொரு படியிலும் மூச்சுவாங்கப் படுத்துக்கிடந்து, எழுந்து, துப்பாக்கிமுனைக் கத்தியோடு ஏறினார்கள். கடைசிப் படியருகே மேலிருந்து கற்களை உருட்டியும் எறிந்தும் தடுத்தார்கள். காரிபால்டியின் மீதே ஒரு கல் விழுந்தது. பலெர்மோவில் ஏறத்தாழ 20,000 பேர் கொண்ட படை பணிந்ததற்குத் தொடக்கம் அந்தக் குன்று. ஹானிபல் கப்பலில் பேச வைத்தது யாருடைய வெற்றி?

தெற்குவாசல்:
வீரத்தைப் பேசும்போது சிசிலியின் பிரான்டே ஊரையும் பேசுங்கள். நிலம் கிடைக்கும் என்று நம்பி எழுந்த சிசிலி விவசாயிகளை அடக்க 1860 ஆகஸ்டில் காரிபால்டியின் தளபதி நீனோ பிக்ஸியோ அனுப்பப்பட்டார். அவசர விசாரணைக்குப் பின் 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரின் பெருநிலம் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் வாரிசுகளுடையது என்பதைக் கப்பல் எண்ணுகிறவர்கள் கவனிக்கலாம். அடுத்த சில ஆண்டுகள் தெற்கு முழுவதும் கொள்ளையர் ஒழிப்பு என்ற பெயரில் நடந்ததும், அதற்கு ராணுவ நீதிமன்றங்களைக் கொடுத்த 1863இன் பீக்கா சட்டமும் உங்கள் இருவர் கதையிலும் வருவதேயில்லை.

மேசைவிளக்கு:
பிரான்டேயை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. காரிபால்டியின் ஆட்களும் ஆங்கிலேயரின் சொத்தைத்தான் காத்தார்கள். கலட்டஃபிமிக்கு வருகிறேன். அந்தக் குன்றில் ஏறுவதற்கு முதலில் கரையில் இறங்கியாக வேண்டும். மறுபடியும் மர்சாலா, மறுபடியும் அந்த இரண்டு கப்பல்கள். பிஸ்மார்க் இழையிலும் செஞ்சட்டை இப்படித்தான் நழுவினார். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

காரிபால்டி ரோமுக்கு நடந்திருந்தால் அங்கிருந்த பிரெஞ்சுப் படையோடு மோதல், பிரான்சோடு போர், கட்டிய அத்தனையும் மண். அதைத் தடுக்கத்தான் காவூர் செப்டம்பர் 11 அன்று போப்பாண்டவரின் நிலத்துக்குள் படையை அனுப்பி, 18 அன்று காஸ்டெல்ஃபிதார்தோவில் வென்று, பீட்மான்ட் அரசர் விக்டர் இம்மானுவேலையே தெற்கே வரவைத்தார். ஆஸ்திரியாவோடு நடந்த 1866 போரைப் பாருங்கள்: குஸ்தோசாவில் தோல்வி, லீசாவில் கடற்படையும் தோல்வி, ஆனாலும் வெனிஷியா கைக்கு வந்தது. தோற்றும் நிலம் பெறுவதுதான் ராஜதந்திரம்.

செஞ்சட்டை:
1861 ஜூன் 6 அன்று இறந்த காவூர் 1866இல் ராஜதந்திரம் செய்தார் என்று படிப்பது இந்த இழையில்தான் முதல்முறை. அந்தப் போரில் இத்தாலியர் ஆஸ்திரியாவை வென்ற பெசெக்காவில் காரிபால்டிதான் தலைமை தாங்கினார் என்பதையும் எழுதியிருக்கலாம். பிஸ்மார்க் இழையில் நழுவியது யார் என்பதை நிர்வாகிகள் அறிவார்கள்.

காவூரின் படை தெற்கே இறங்குவதற்கு முன்பே, செப்டம்பர் 7 அன்று, காரிபால்டி தன் படையைப் பின்னால் விட்டுவிட்டுச் சில தோழர்களோடு ரயிலில் நேப்பிள்ஸுக்குப் போய் இறங்கிவிட்டார். கோட்டைகளில் பூர்போன் வீரர்கள் இருக்கும்போதே திறந்த வண்டியில் நகருக்குள் போனார். பந்தி முடிந்தபின் இலை போட வந்தவர்கள் விருந்தே எங்களுடையது என்றால் எப்படி?

தெற்குவாசல்:
இருவரும் பிரான்டேக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். புதிய இத்தாலியோடு இணைவதா என்று கேட்ட 1860 அக்டோபர் 21 வாக்கெடுப்பில் நேப்பிள்ஸ் தரப்பில் ஏறத்தாழ 13 லட்சம் பேர் ஆம் என்றும், சுமார் 10,000 பேர் மட்டும் இல்லை என்றும் வாக்களித்தார்கள். ஆம் பெட்டி தனியாக, இல்லை பெட்டி தனியாக, பார்வையாளர் முன்னிலையில். இதைத்தான் இருவரும் மக்கள் விருப்பம் என்பீர்கள்.

அடிக்குறிப்பு:
என் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.

மேசைவிளக்கு:
ரயிலில் போனாராம். வோல்டுர்னோ ஆற்றங்கரையில் அக்டோபர் 1 அன்று அதே பூர்போன் படையைத் தடுத்து நிறுத்தினார், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆற்றங்கரையின் கபுவா கோட்டையைப் பிடிக்க முடிந்ததா? அதற்கு விக்டர் இம்மானுவேலின் பீரங்கிகள்தான் வரவேண்டியிருந்தது. அந்தப் பீரங்கிகளுக்கும் முன்னால், நேப்பிள்ஸுக்கும் முன்னால், பலெர்மோவுக்கும் முன்னால், மர்சாலாவில் அந்த இரண்டு ஆங்கிலேயக் கப்பல்கள் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்காவது பதிவாகக் கேட்கிறேன்.

செஞ்சட்டை:
நான்காவது பதிவாகச் சொல்கிறேன்: அவை மதுக்கிடங்குக்கு வந்த கப்பல்கள். காவூரின் கையெழுத்து அவற்றில் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். பிறகு கபுவாவைப் பற்றிப் பேசுவோம்.