ஊற்றுத் தண்ணீரைச் சோதிக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்குத் தெற்கே கடலோரக் கிராமம் எங்களுடையது. எரிவாயு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக் கிணறு தோண்டப்போவதாகச் சொல்லி, சென்ற மாதம் சிலர் வந்து அளந்தார்கள். அவர்கள் நட்ட கல் எங்கள் ஊற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிறது.

மணலில் ஓர் ஆள் ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும். பெண்கள் கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்புவார்கள். உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கும் மழைநீர் அது. ஒருமுறை கெட்டால் மீட்பது கடினம். எதிரே கடலில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், 1986 முதல் தேசியப் பூங்கா. மரிக்கொழுந்துப் பாசி என்னும் கடற்பாசி எடுக்கும் பெண்களை அந்தத் தீவுகளின் பக்கம் நெருங்கவிடுவதில்லை. துளையிடும் இயந்திரத்துக்கு மட்டும் கரையில் வழி திறப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

எல்லாவற்றையும் எதிர்ப்பது என் எண்ணமன்று. வழுதூரில் எரிவாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள்; எங்கள் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். ஆனால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளில் 2020 ஜனவரியில் செய்த திருத்தத்துக்குப் பின் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. கேள்விகளை நாங்களேதான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நீரியல் படித்தவர்கள் உதவுங்கள். துளையிடும் முன்பே எதையெதைச் சோதித்துப் பதிவுசெய்ய வேண்டும்? உப்பு, துளையிடும் சேற்றில் கலந்திருக்கும் பேரியம் என்ற உலோகம், எண்ணெய்ப் பிசுக்கு போதுமா? துளையிடும்போது வெளிவரும் சேற்றை எங்கே கொட்டுவார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எந்த அலுவலகத்தைக் கேட்பது? ஐப்பசி மழை விழுந்தால் ஊற்று நீர் நிறைந்து அளவுகள் மாறிவிடும். அதற்குள் முதல் மாதிரியை எடுத்தாக வேண்டும்.