பஸ்ஸில் ஏறாத கதாநாயகன்

மலைக்கோட்டை கோமதி:
புத்தகக் கண்காட்சி இழையில் நேற்று கரிசல்காட்டான் போட்டதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் போயிற்று. அங்கேயே பதில் சொன்னால் "தலைப்பை விட்டு விலகாதீர்கள்" என்று யாராவது வருவார்கள், அதனால் தனி இழை. படிக்காதவர்களுக்காக அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"ரமணிசந்திரன் வகைக் காதல் நாவல் படிப்பவர்களை வாசகர் கணக்கில் சேர்க்க முடியாது. நூற்றைம்பது நாவலுக்கும் ஒரே கதை. அவன் பணக்காரன், உயரம், முன்கோபி. அவள் ஏழை, ரோஷக்காரி. முதல் பாதி தப்பெண்ணம், நடுவில் ஒரு வில்லி, கடைசிப் பக்கத்தில் சமாதானம். எந்த நாவலிலும் நாயகன் பஸ்ஸில் ஏறியதே கிடையாது."

மற்றதெல்லாம் இருக்கட்டும். எந்த நாவலிலும் ஏறியதே கிடையாது என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டும். எத்தனை படித்தீர்கள் சார்?

நான் எதையும் ஒளிக்கவில்லை. 1986-லிருந்து படிக்கிறேன். வங்கியில் 31 வருஷம் கேஷ் கவுண்டர். சாயங்காலம் ஒரு ரூபாய் இடித்தால்கூட அது எங்கே போயிற்று என்று ராத்திரி எட்டு மணி வரை தேட வேண்டும். அப்புறம் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தால் மாமியார் "இவ்வளவு நேரமா" என்பார். அப்படிப்பட்டவளுக்குக் கடைசிப் பக்கத்தில் தானாக டேலி ஆகிற கதைதான் வேண்டும். முடிவு தெரிந்துதான் எடுப்பேன். தெரியாத முடிவுகள் பகலெல்லாம் பார்த்தாயிற்று.

கரிசல்காட்டான்:
எதிர்பார்த்தேன், அம்மையார் வந்துவிட்டார். நான் படிக்கவில்லை. என் அக்கா படித்தாள், வீட்டில் கிடந்தது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் புரட்டியதெல்லாம் படித்ததாகாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

மலைக்கோட்டை கோமதி:
ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்து வெந்ததா என்று சொல்லலாம். பானைக்குள் ஒரு கல்கூட இல்லை என்று சொல்ல முடியாது. பஸ் விஷயம் கல். எத்தனை படித்தீர்கள்?

தாம்பரம் சேது:
கோமதி அம்மா பக்கம் ஒரு சாட்சி. பஸ்ஸில் வரும் நாயகன் உண்டு, நானே படித்திருக்கிறேன். சென்னையில் அப்போது ஓடிய பல்லவன் பஸ், படியில் தொங்கிக்கொண்டு வருவான். அவள் சில்லறை இல்லாமல் முழிப்பாள், இவன் டிக்கெட் எடுத்துக் கொடுப்பான். 1982-இல் மேற்கு மாம்பலத்தில் வாடகை நூல் நிலையத்தில் எடுத்தது. நாயகன் பிற்பாடு பணக்காரனாகி மாருதி காரில் வந்து இறங்குவான்.

கரிசல்காட்டான்:
நாவல் பெயர்?

தாம்பரம் சேது:
பெயர் தெரியாது. வாடகைப் புத்தகம் எப்படி இருக்கும் என்று தெரியாதா? வார இதழில் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்துத் தடி அட்டை போட்டு பைண்ட் செய்திருப்பார்கள். முதல் நாலு பக்கம் இருக்காது. முதுகில் நம்பர் மட்டும்தான். அந்தப் புத்தகம் 417.

கரிசல்காட்டான்:
நாவல் பெயர் 417. நல்லது. இன்னொன்று. 1982-இல் படித்த நாவலில் மாருதி எப்படி வந்தது? மாருதி 800 வெளியே வந்ததே 1983 டிசம்பரில். கார் வருவதற்கு முன்னாலேயே நாயகன் அதிலிருந்து இறங்கிவிட்டான் போல. இவர்தான் சாட்சி.

தாம்பரம் சேது:
பியட்டாக இருக்கலாம். காரா முக்கியம், பஸ்தானே கேள்வி?

கரிசல்காட்டான்:
காரையே தப்பாகச் சொல்பவர் பஸ்ஸை மட்டும் சரியாகச் சொல்வாரா?

மேற்கோள் மாணிக்கம்:
நண்பர்களே, முதலில் "குடும்ப நாவல்" என்றால் என்ன, "காதல் நாவல்" என்றால் என்ன என்று வரையறுத்துக்கொண்டு பேசலாமே. மருத்துவர் லட்சுமி எழுதியவை எந்த வகை? வாசகிகள் அவரையும் இதே அலமாரியில்தான் வைத்திருந்தார்கள். அவருக்கு 1984-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அதே 1984-இல் அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் ஒரு ஊரின் காதல் நாவல் வாசகிகளை வைத்து ஒரு நூல் வெளியிட்டார். கதை எப்படி இருந்தது என்பதைவிட, அந்தப் பெண்கள் சொன்னதுதான் முக்கியம்: புத்தகம் கையில் இருக்கும் நேரம் எனக்கு, அப்போது புருஷனும் பிள்ளைகளும் என்னைக் கூப்பிடக் கூடாது. சிலர் வாங்கும் முன்னே கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார்களாம், துக்கமாக முடிந்தால் வேண்டாம் என்று. கோமதி அம்மா சொல்கிற டேலி அதுதான்.

மலைக்கோட்டை கோமதி:
நான் ஒரு வரியில் சொன்னதற்கு அமெரிக்கா வரை போய் வந்திருக்கிறீர்கள், நன்றி. லட்சுமியை இதில் இழுக்காதீர்கள், அவர் வேறு. பஸ்ஸுக்கு வாருங்கள்.

மேற்கோள் மாணிக்கம்:
வேறு என்றால் எப்படி வேறு? அதைத்தான் வரையறுக்கச் சொன்னேன்.

எபிசோடு ராணி:
நீங்கள் எல்லோரும் இன்னும் பல்லவன் காலத்திலேயே இருக்கிறீர்கள். இப்போது இணையத் தளங்களில் தொடராக ஓடும் ஆன்ட்டி ஹீரோ கதைகளைப் பாருங்கள். நாயகனுக்கு ஏழு கம்பெனி. போர்டு மீட்டிங் நடுவில் எழுந்து வந்து அவள் கழுத்தில் தாலி கட்டுவான். அபத்தம் என்று எனக்கே தெரியும். ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலை, நாள் முழுக்க மற்றவர்கள் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அடுத்த எபி (எபிசோடு) வரவில்லையென்றால் கமெண்டில் "சிஸ், யூடி (அப்டேட்) எங்கே" என்று முதல் ஆளாகக் கேட்பது நான்தான். கூட வேலை பார்ப்பவர்கள் எட்டிப் பார்த்தால் ஸ்கிரீனை மாற்றிவிடுவேன்.

மலைக்கோட்டை கோமதி:
அந்த ஆன்ட்டி ஹீரோ என்னும் கண்றாவியை எங்கள் நாவலோடு சேர்க்காதே அம்மா. பத்தாம் எபியில் அறைவான், நாற்பதாம் எபியில் அதே கையால் காய்ச்சல் மாத்திரை கொடுப்பான், உடனே இவள் உருகுவாள். இதற்குப் பேர் காதலா?

எபிசோடு ராணி:
உங்கள் காலத்து நாயகன் மட்டும் என்னவாம்? அவள் வேண்டாம் என்று திரும்பினால் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பான், வளையல் உடையும், அதையே அரைப் பக்கம் வர்ணிப்பார்கள். அம்மாவின் புத்தகங்களை நானும் படித்திருக்கிறேன் ஆன்ட்டி.

மலைக்கோட்டை கோமதி:
அது வேறு. அது கோபம். கரிசல்காட்டான் இன்னும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் கவனியுங்கள். எத்தனை நாவல்?

கரிசல்காட்டான்:
மூன்றாவது தடவை கேட்கிறார். சரி, இதைப் பாருங்கள். அவள் பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். மழை தூறும். அவன் கார் சேற்றை வாரி அவள் புடவையில் அடித்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்கும். அவன் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்காமல் பர்ஸை எடுப்பான். அவள் பணத்தை அவன் மேலேயே எறிவாள். மறுநாள் வேலைக்கான நேர்முகத்துக்குப் போனால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது அவனேதான். இப்படித்தான் எல்லாம். பஸ் ஸ்டாப் அவளுக்கு, கார் அவனுக்கு. இதில் பஸ்ஸில் ஏற அவனுக்கு எங்கே நேரம்?

மலைக்கோட்டை கோமதி:
மேஜைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெரிகிறது! தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் புரட்டியவருக்குப் புடவையில் சேறு பட்ட இடம்வரை ஞாபகம். சாப்பாடு ரொம்ப நேரம் நடந்திருக்கிறது.

எபிசோடு ராணி:
அந்த நேர்முக சீன் எனக்குப் பிடிக்கும். எழுதிய விதத்தைப் பார்த்தால் அவருக்கும் பிடித்திருக்கிறது.

கரிசல்காட்டான்:
தனிப்பட்ட தாக்குதல். போன வருஷம் கரிசல் இலக்கிய இழையிலும் இந்த அம்மையார் இதையேதான் செய்தார். "கரிசல் கதைகளில் எல்லோரும் சதா பசியோடு இருக்கிறார்களே, அது ஃபார்முலா இல்லையா" என்று கேட்டவர் இவர். அதை நான் மறக்கவில்லை.

மலைக்கோட்டை கோமதி:
நானும் மறக்கவில்லை, பதிலும் இன்னும் வரவில்லை. அது கிடக்கட்டும். நீங்களே வேறொரு இழையில் பெருமையாகச் சொன்னீர்கள், காலேஜில் மாசம் நாலு துப்பறியும் நாவல் வாங்குவேன் என்று. முதல் அத்தியாயத்தில் பிணம், நடுவில் சிகரெட், கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் எல்லோரையும் உட்காரவைத்து விளக்குவார். அது ஃபார்முலா இல்லை, மூளைக்கு வேலை. அதே கடையில் அதே கயிற்றில் பக்கத்தில் தொங்கிய எங்கள் நாவல் மட்டும் அசடு. ஏன்? பிணத்துக்குப் பதில் கல்யாணம் என்பதாலா?

தாம்பரம் சேது:
அம்மா சரியான அடி. 1969-இல் ராணிமுத்து தொடங்கியபோது முதல் நாவலே அகிலனுடையது. மலிவு விலை மாத நாவல் என்றாலே குப்பை என்று ஆனது பின்னால்தான்.

கரிசல்காட்டான்:
அகிலன் வேறு.

மேற்கோள் மாணிக்கம்:
இப்போது இவரும் "வேறு" என்கிறார். ஆங்கிலக் காதல் நாவலுக்குப் பேர்போன மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தைப் பாருங்கள். 1908-இல் லண்டனில் தொடங்கியபோது அது எல்லாவிதப் புத்தகமும் போட்ட சாதாரணப் பதிப்பகம். வோட்ஹவுஸ், ஜாக் லண்டன் நூல்களைக்கூட வெளியிட்டிருக்கிறார்கள். காதலை மட்டும் போடுவது என்று திரும்பியது பின்னால். அங்கேயும் படித்தவர்கள் அட்டையை மறைத்துத்தான் படித்தார்கள். வகை என்பது பதிப்பகத்தின் முடிவு, அட்டையின் முடிவு. அதனால்தான் வரையறை...

மலைக்கோட்டை கோமதி:
வோட்ஹவுஸ் கதையில் பஸ் வருமா வராதா என்பது எனக்குத் தேவையில்லை.

வல்லிபுரத்தான்:
அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில. 1990-க்குப் பிறகு எங்களுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டுச் சொட்டாய் எண்ணெய் விட்டு விளக்குக் கொளுத்துவோம். அந்த வெளிச்சத்தில் அம்மாவும் பெரியம்மாவும் சின்னக்காவும் ஒரு ரமணிசந்திரனை மூன்று பேராய் வைத்து வாசிப்பார்கள். ஒருவர் சத்தமாய் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். எண்ணெய் முடியப் போகுது என்றால் நடுப் பக்கங்களை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்தப் புத்தகம் எட்டு வீடு சுற்றி வந்தது. அதைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எபிசோடு ராணி:
அண்ணா, படித்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மலைக்கோட்டை கோமதி:
நல்லா எழுதியிருக்கிறாய் தம்பி. அந்தப் புத்தகத்தில் நாயகன் எதில் வந்தான், ஞாபகம் இருக்கிறதா?

வல்லிபுரத்தான்:
கார்தான் அக்கா. எங்களுக்கு அப்ப சைக்கிள் மட்டும்தான். அதனாலேயே அந்தக் கார் நல்லா ஞாபகம்.

கரிசல்காட்டான்:
கார்! இது என் பக்கச் சாட்சி. ஒரு மேலதிகத் தகவலும் சொல்கிறேன். என் அக்கா வாடகை நூலகப் புத்தகங்களில் 32-ஆம் பக்கத்து மூலையில் பால்பாயிண்ட் பேனாவால் சின்னதாக ஒரு நட்சத்திரம் போடுவாள். ஏன் தெரியுமா? ஏற்கெனவே படித்ததா என்று கதையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் ஒன்று போலவே இருக்கும். நட்சத்திரம் இருந்தால் படித்தாயிற்று. தெருவில் ஒவ்வொருத்திக்கும் ஒரு குறி. ஒரு பக்கத்தில் நட்சத்திரம், பெருக்கல், வட்டம், மீன் என்று ஏழு எண்ணியிருக்கிறேன். வாசகியே அடையாளம் கண்டுபிடிக்க முடியாத கதையை இலக்கியம் என்கிறீர்களா?

மலைக்கோட்டை கோமதி:
இலக்கியம் என்று நான் எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள், ஒரு இடத்திலும் சொல்லவில்லை. நானும் குறி போட்டவள்தான், என் குறி ஒரு பிறை. தினமும் வைக்கிற ரசமும் ஒன்று போலத்தான் இருக்கிறது, அதற்காக நேற்றே குடித்தாயிற்று என்று யாரும் எழுந்து போவதில்லை.

இப்போது என் கேள்வி. ஒரு பக்கத்தில் ஏழு குறிகளை உட்கார்ந்து எண்ணியிருக்கிறீர்கள். அதில் உங்கள் குறி எது?

எபிசோடு ராணி:
மீன்.

தாம்பரம் சேது:
மீன் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

கரிசல்காட்டான்:
அபத்தம். கும்பலாகச் சேர்ந்துகொண்டு கேலி செய்வது வாதம் ஆகாது. ஒரே ஒரு நாவல் பெயர், நாயகன் டிக்கெட் எடுத்து பஸ்ஸில் போவது, கேட்டது அவ்வளவுதான். இதுவரை வந்தது 417 என்ற நம்பர் மட்டும்.

மேற்கோள் மாணிக்கம்:
நாயகன் என்பதையாவது வரையறுப்போமா? நாயகனின் தம்பி பஸ்ஸில் போனால் கணக்கில் வருமா?

மலைக்கோட்டை கோமதி:
தம்பி வரமாட்டான். வில்லியின் அண்ணனும் வரமாட்டான். கேள்வியைத் திருப்பாதீர்கள், நிரூபிக்க வேண்டியது அவர். "கிடையாது" என்று சொன்னது அவர்தான்.

கரிசல்காட்டான்:
இல்லாததை எப்படி நிரூபிப்பது? உண்டு என்பவர்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

தாம்பரம் சேது:
அந்த நூல் நிலையத்தை மூடியபோது ஒரு மூட்டை புத்தகத்தை எடைக்கு எடை வாங்கி வந்தேன். பரண்மேல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கிறேன். 417 அதில் இருக்க வேண்டும். பஸ் இல்லாவிட்டாலும் ஸ்கூட்டராவது நிச்சயம்.

கரிசல்காட்டான்:
ஸ்கூட்டர் கணக்கில் வராது. இப்போதே சொல்லிவிட்டேன்.

மலைக்கோட்டை கோமதி:
சேது சார், மூட்டையைப் பிரிக்கும்போது எல்லாவற்றிலும் 32-ஆம் பக்கத்தைப் பாருங்கள். மீன் இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள்.