வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு எத்தனை பாகைச் சாய்வு வரை நிற்கும்?

கேள்வி (கோத்தகிரிவாசி):
கோத்தகிரிக்கு அருகே எங்கள் வீட்டின் பின்புறம், பாதைக்காகச் சென்ற ஆண்டு மேட்டின் அடியைப் பொக்லைன் வைத்து வெட்டினார்கள். இரண்டு ஆள் உயரச் செம்மண் இப்போது ஏறக்குறைய 60 பாகைச் சாய்வில் சுவர் போல நிற்கிறது. முற்றத்தில் கொட்டியுள்ள மணலோ, எத்தனை கூடை போட்டாலும் 34 பாகைக்கு மேல் நிற்காமல் வழிந்துவிடுகிறது. மணல் நிற்காத சரிவில் மண் எப்படி நிற்கிறது, மழைக்காலத்திலும் நிற்குமா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். சரிவு கூடக்கூட ஆபத்தும் கூடும் என்று மட்டும் கொண்டால் போதுமா?

பதில் 1 (மண்ணியல் படித்தவன்):
ஐயா, உலர்ந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது மணிகளுக்கிடையேயான உராய்வு ஒன்றே. அதனால் குவியல் சிறிதானாலும் பெரிதானாலும் ஒரே கோணத்தில் வந்து நிற்கிறது. உங்கள் செம்மண்ணில் களி உண்டு, அதற்கு ஒட்டும் தன்மை உண்டு. அதோடு, ஈரமணலில் பிள்ளைகள் கட்டும் வீடு நிற்பதைப் போல, மண்துகள்களுக்கு நடுவே உள்ள சிறிதளவு ஈரமும் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. மழை நீடித்து இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பினால் அந்தப் பிடிப்பு போய்விடும். நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றையொன்று அழுத்தவிடாமல் விலக்குவதால் உராய்வும் குறையும். ஒட்டும் தன்மையில்லாத மணற்சரிவில் மேற்பரப்பு வரை நீர் நிறைந்து சரிவை ஒட்டியே வடிந்தால், 34 பாகையில் நின்றது 18, 19 பாகையிலேயே நகரத் தொடங்கும். ஆகவே உங்கள் மேட்டின் கோணத்தை விட, அதற்குள் எவ்வளவு நீர் இறங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதையே முதலில் பாருங்கள்.

பதில் 2 (முன்னாள் படைவீரர்):
சரிவு கூடினால் ஆபத்தும் கூடும் என்பது பனியில் அப்படியே பொருந்தாது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் நிகழ்கின்றன, ஏனெனில் அதைவிட மிகச் செங்குத்தான இடங்களில் பனி தங்கிச் சேராமல் பெய்யப்பெய்யச் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுகிறது. சர்க்கரை போல ஒட்டாத மணிகளாலான ஒரு படுகை அடியில் கிடக்க, அதன் மேல் இறுகிய பனி பலகையாகப் படிந்திருந்தால், ஒருவர் நடக்கும் எடையே அந்தப் பலகை பெயர்ந்து சரியப் போதும். காஷ்மீரில் காலடியில் அப்படியொரு படுகை ‘டம்’ என்று அமுங்கிய ஓசையை ஒருமுறை கேட்டேன். அடுத்த நொடியே பனியில் கோடு போல வெடிப்பு ஓடியது, அனைவரும் அசையாமல் நின்று ஒவ்வொருவராகப் பின்வாங்கினோம்.

பதில் 3 (மூணாறு):
2020 ஆகஸ்ட் 6 இரவு, கேரளத்தில் எங்கள் மூணாறை அடுத்த பெட்டிமுடியில், நாள்கணக்கில் பெய்த கனமழையில் மேலே பெயர்ந்த மண் பாறைகளோடு இறங்கித் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின, பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டை மட்டும் பார்த்தால் போதாது என்பதை அதன் பிறகுதான் நாங்கள் உணர்ந்தோம். மேட்டின் உச்சிக்கு ஏறிப் பாருங்கள்: வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் ஊற்று, திடீரெனக் கலங்கிய ஓடை, இவற்றில் எது இருந்தாலும் மழை நாளில் அந்த வீட்டில் உறங்காதீர்கள். தடுப்புச் சுவர் கட்டினால், நீர் வடியும் துளைகளைச் சிமெண்ட் பூசி அடைக்க விடாதீர்கள். அடைபட்ட சுவர் நீரைத் தேக்கிவைக்கும் அணையாகிவிடும்.

கோத்தகிரிவாசி:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை மேலே ஏறிப் பார்த்தேன். தேயிலை வரிசைகளுக்கு நடுவே, விரல் நுழையும் அகலத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது, மேலிருந்து வரும் வாய்க்கால் நீர் அதற்குள்தான் இறங்குகிறது. வாய்க்காலை மாற்றிவிட்டு வெடிப்பைக் களிமண்ணால் அடைத்திருக்கிறேன். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கும் தெரிவித்துவிட்டேன். அம்மாவையும் குழந்தைகளையும் இன்று மாலையே தம்பி வீட்டுக்கு அனுப்புகிறேன்.