நைட்ரிக் ஆக்சைடு விட்டதும் மைட்டோகாண்ட்ரியா நின்றுபோனாலோ, நிற்காமல் ஓடினாலோ முதலில் எதைச் சந்தேகிப்பது? ஆய்வகத்தின் மூன்று மேசைகள் சொல்லும் பதில்:

எலக்ட்ரோடு மேசை:
"நைட்ரிக் ஆக்சைடு விட்டும் சுவாசம் குறையவே இல்லை" என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் காரணம் ஆக்சிஜன்தான். சுவாசச் சங்கிலியின் கடைசி என்சைமான சைட்டோகுரோம் ஆக்சிடேஸில் (காம்ப்ளெக்ஸ் நான்கு) இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி. 1994-ல் பிரவுனும் கூப்பரும் மூளை சினாப்டோசோமில் (பிரித்தெடுத்த நரம்பு முனைகள்) அளந்த கணக்கைப் பாருங்கள்: ஆக்சிஜன் சுமார் 145 மைக்ரோமோலார் இருக்கையில் சுவாசம் பாதியாக 270 நானோமோலார் நைட்ரிக் ஆக்சைடு தேவைப்பட்டது, 30-க்கு இறங்கியதும் 60 போதும். எலக்ட்ரோடு சேம்பரை மூடிய கையோடு, ஆக்சிஜன் 200-க்குப் பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் என்ன தெரியும்? சக்சினேட் 5 மில்லிமோலார், ரோட்டினோன் (காம்ப்ளெக்ஸ் ஒன்றை அடைப்பது), அடினோசின் டைபாஸ்பேட் (ADP) கொடுத்து ஓடவிட்டு, 50-க்குக் கீழே வந்ததும் விடுங்கள். எந்த ஆக்சிஜன் அளவில் விட்டீர்கள் என்பதை நோட்டில் எழுதாத ரன்னை வைத்து எதுவும் பேச முடியாது.

நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும் டோனரான டி.இ.ஏ. நோனோயேட்டை 10 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து ஐஸில் வையுங்கள். பி.எச். 7.4, 37 டிகிரியில் அதன் அரை ஆயுள் 2 நிமிடம். பஃபரில் கலந்துவைத்து டீ குடிக்கப் போனால், திரும்பும்போது டியூபில் மிச்சம் நைட்ரைட்தான்.

இருட்டறை:
எலக்ட்ரோடு மேசை சார் சொன்னதோடு ஒன்று: விலை மலிவு என்று சோடியம் நைட்ரோபுருசைடை டோனராக எடுக்காதீர்கள். அது சயனைடும் விடும். அதுவும் அடைப்பது அதே காம்ப்ளெக்ஸ் நான்கைத்தான். நோனோயேட் என்றால் நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடும் ஆக்சிஹீமோகுளோபின் 10 மைக்ரோமோலார் விட்டுப் பாருங்கள், சுவாசம் உடனே மீளும். நைட்ரோபுருசைடில் இந்தச் சோதனையும் ஏமாற்றும். உருவாகும் மெட்ஹீமோகுளோபின் சயனைடையும் பிடித்துக்கொள்ளும்.

எலக்ட்ரோடு மேசை:
சரிதான். ஹீமோகுளோபின் விட்டும் மீளவில்லை என்றால் சங்கிலியின் முதல் படியான காம்ப்ளெக்ஸ் ஒன்றைப் பாருங்கள். அதன் வழியாக ஓடும் குளூட்டமேட்-மாலேட்டில் சுவாசம் விழுந்து, அதைத் தாண்டிப் போகும் சக்சினேட்டில் நன்றாக ஓடினால் அடி அங்கேதான். அடுத்து டி.டி.டி. (டைதயோதிரெய்டால், தயோலை மீட்கும் பொருள்) விட்டோ வெளிச்சம் காட்டியோ மீள்கிறதா பாருங்கள். மீண்டால் புரதத்தின் தயோலில் (சிஸ்டீனின் கந்தகத்தில்) நைட்ரிக் ஆக்சைடு ஏறிய எஸ்-நைட்ரோசேஷன். மீளாவிட்டால் பெராக்சிநைட்ரைட் (நைட்ரிக் ஆக்சைடும் சூப்பராக்சைடும் சேர்ந்து உருவாவது) செய்த சேதம் என்றுதான் சந்தேகிக்க வேண்டும்.

செல் கல்ச்சர்:
செல் சாவு பக்கம் வருபவர்களுக்கு இரண்டு பொறி.

முதலாவது மீடியம். 25 மில்லிமோலார் குளுக்கோஸில் வளரும் செல், மைட்டோகாண்ட்ரியா அடைபட்டாலும் கிளைக்கோலிசிஸை வைத்துச் சமாளித்துவிடும். "நைட்ரிக் ஆக்சைடு கொல்லவில்லை" என்று எழுதும்முன் 10 மில்லிமோலார் கேலக்டோஸுக்கு மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். செல்லின் ஆற்றல் நாணயமான அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் (ATP) கூடவே அளக்க வேண்டும்: அது தரைதட்டினால் அப்போப்டோசிஸ் (ஒழுங்காக நடக்கும் செல் சாவு) முடியாமல் செல் நெக்ரோசிஸில் (உடைந்து சாவது) போய்விடும், செல்லுக்குள் இருக்கும் எல்.டி.எச். என்சைம் வெளியே கொட்டும், அப்போப்டோசிஸை நடத்தும் கேஸ்பேஸின் எண் மட்டும் அமைதியாக இருக்கும்.

இரண்டாவது இன்னும் மோசம். நைட்ரிக் ஆக்சைடு கேஸ்பேஸ்-3-இன் சிஸ்டீனில் ஏறி அதை முடக்கக்கூடியது. ஆனால் கிட்டில் வரும் அஸே பஃபரில் பெரும்பாலும் டி.டி.டி. இருக்கும், பல கிட்டுகளில் 10 மில்லிமோலார் வரை. செல்லுக்குள் முடங்கிக் கிடந்த என்சைமைத் தட்டில் நீங்களே எழுப்பிவிட்டு, "செயல்பாடு அதிகம்" என்று குறிப்பீர்கள். ஒரே லைசேட்டை (உடைத்த செல் கரைசல்) டி.டி.டி. உள்ள பஃபரிலும் இல்லாத பஃபரிலும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் வையுங்கள். கூடவே, முந்தைய நாளே பஃபரில் கலந்து வாயு முழுக்கப் போய்விட்ட டோனருக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள், விளைவு வாயுவாலா மிச்சத்தாலா என்று தெரியும்.