ஆர்வெல் ஓய்வு பெற்றாரா, ராஜினாமா செய்தாரா?

கொள்ளிடத்தான்: விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உட்கார்ந்து ஒரு டிஸ்டோபியா நாவல், அதாவது கொடுங்கோல் சமூகத்தைக் கற்பனை செய்யும் நாவல், எழுத வேண்டும். சீக்கிரம் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் அது கைகூடுகிறது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலையே பாருங்கள். பர்மா போலீஸில் ஐந்து வருடம் இருந்தார், ஓய்வு பெற்றார், '1984' எழுதினார்.

தணிக்கையாளர்: ஓய்வு பெற்றாரா? எந்த மகானுபாவர் சொன்னது? 1922-ல் வேலையில் சேர்ந்தார். 1927-ல் டெங்கு காய்ச்சலில் விழுந்து, விடுப்பில் இங்கிலாந்து போனார். அங்கிருந்தே ராஜினாமா. 1928 ஜனவரி 1 முதல் அமல். வயது இருபத்துநாலு! முப்பத்தொரு வருடம் பணிப்பதிவேடு பார்த்தவன் சொல்கிறேன்: ஓய்வு வேறு, ராஜினாமா வேறு.

கொள்ளிடத்தான்: வேலையை விட்டாரா இல்லையா? அதைத்தான் சொன்னேன். இலக்கியம் பேச வந்தால் இவர் ரூல்ஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

தணிக்கையாளர்: ராஜினாமா செய்தவருக்குப் பென்ஷன் கிடையாது. பென்ஷன் வந்திருந்தால் பாரிஸில் ஓட்டல் அடுக்களையில் பாத்திரம் கழுவியிருப்பாரா? அந்தக் குடும்பத்தில் ஓய்வு பெற்றவர் அவருடைய அப்பா. பிரிட்டிஷ் இந்திய அரசின் அபினித் துறை, 1912. அவர் எத்தனை டிஸ்டோபியா எழுதினார்?

ரங்கூன் பேரன்: அப்பா பீகார் பக்கம் வேலையில் இருந்தபோதுதான் ஆர்வெல் மோத்திஹாரியில் பிறந்தார், 1903-ல். ஆக, பாதி நம்ம ஆள். அம்மா வழிக் குடும்பம் பர்மாவில் மோல்மேனில் இருந்தது, அந்த ஊரிலும் இவர் போலீஸ் வேலை பார்த்தார். என் தாத்தா அங்கே செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்தவர். பர்மாக்காரர்கள் ஒரு வேடிக்கை சொல்வார்கள்: ஆர்வெல் எங்களைப் பற்றி ஒரு நாவல் எழுதவில்லை, மூன்று எழுதினார், 'பர்மிய நாட்கள்', 'விலங்குப் பண்ணை', '1984' என்று. சரக்கு எல்லாம் அங்கே ஊறியது. வேலையை எப்படி விட்டால் என்ன?

சுண்டல்: மோத்திஹாரியில் பிறந்தால் பாதி நம்ம ஆளா? ஒரு வயதில் அம்மா தூக்கிக்கொண்டு போய்விட்டார். பேரன் எந்தப் பேச்சிலும் தாத்தாவை இறக்காமல் விடமாட்டார்.

ரங்கூன் பேரன்: தாத்தாவைப் பற்றிப் பேச வேண்டாம். என்னிடம் வாங்கிய இரண்டு புத்தகத்தை முதலில் திருப்பிக் கொடுங்கள். நான்கு வருடம் ஆகிறது.

தணிக்கையாளர்: புத்தகம் இருக்கட்டும். ராஜினாமா என்று யாராவது ஒப்புக்கொள்கிறீர்களா?

மாடிவீட்டு மைனா: முதலில் டிஸ்டோபியா என்றால் என்ன என்று பேசலாமே? 'விலங்குப் பண்ணை' அதில் சேருமா, சேராதா? அப்புறம் ரஷ்ய எழுத்தாளர் சாம்யாதினை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? அவருடைய 'நாம்' நாவலுக்கு ஆர்வெல் 1946 ஜனவரியில் மதிப்புரையே எழுதியிருக்கிறார்.

சுண்டல்: அப்படியென்றால் காப்பி.

மாடிவீட்டு மைனா: காப்பி என்று நான் சொல்லவில்லை. சாம்யாதின் கப்பல் பொறியாளர், இங்கிலாந்தில் பனிக்கட்டி உடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்த்தவர். வேலையில் இருந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வந்தேன்.

தணிக்கையாளர்: சாம்யாதின் ஓய்வும் பெறவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை என்றால் அவருக்கு இங்கே வேலை இல்லை. விஷயத்துக்கு வாருங்கள். ஆர்வெல் போலீஸை விட்டது 1927. '1984' வெளிவந்தது 1949 ஜூன் 8. நடுவே பள்ளி வாத்தியார், லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் புத்தகக்கடைச் சிப்பந்தி, ஒரு கிராமத்தில் மளிகைக்கடை, ஸ்பெயின் போரில் தொண்டையில் குண்டு, பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பு. 1943-ல் பிபிசி வேலையையும் விட்டார். எப்படி? ராஜினாமா! மனிதருக்கு அதுதான் பழக்கம். ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் காசநோயோடு கட்டிலில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். புத்தகம் வந்து எட்டு மாதம் முடியவில்லை, 1950 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார், 46 வயதில். இதில் ஓய்வு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

கொள்ளிடத்தான்: இவ்வளவு நீளமாகச் சொல்லியும் நான் சொன்னதைத்தான் சொல்கிறீர்கள். அரசாங்க வேலையை விட்டதால் எழுத முடிந்தது. எனக்கு 47 ஆகிறது என்று குத்திக்காட்டவா அந்த 46?

தணிக்கையாளர்: உங்கள் வயது எனக்கெதற்கு? போன வருடம் கிராஜுவிட்டி விவாதத்தில் நான் சொன்னதைத் தப்பு என்று ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு எழுதினீர்களே, அது நினைவிருக்கிறது.

சுண்டல்: அந்த ஐந்தில் நானும் ஒருவன். இன்றைக்கும் தப்புதான்.

ரங்கூன் பேரன்: கிராஜுவிட்டிக்கு வாய் திறக்கிறீர்கள். என் புத்தகம்?

தணிக்கையாளர்: 1928 ஜனவரி 1. ராஜினாமா. ஆதாரத்தோடு ஒருவரும் மறுக்கவில்லை, குறித்துக்கொள்கிறேன்.

மாடிவீட்டு மைனா: 'விலங்குப் பண்ணை' பற்றிக் கேட்டேன்.

கொள்ளிடத்தான்: தணிக்கையாளர் சார், ஒரு சந்தேகம். விருப்ப ஓய்வுக்கு மூன்று மாத நோட்டீஸ் போதும்தானே?

தணிக்கையாளர்: அதைத் தனியாகக் கேளுங்கள். இங்கே ராஜினாமா பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.