ஒவ்வொரு பிஎம்சியும் ஒவ்வொரு நேரத்தைக் காட்டுகிறது; எதை நம்புவது?

கேள்வி (அம்பத்தூரிலிருந்து)

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் சிறிய சர்வர் அறையில் பதினான்கு சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். கத்திரி வெயில் நாள்களில் ஓர் இரவு ஏசி நின்றுபோய், அறை சூடேறி, சர்வர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே அணைந்துவிட்டன. எந்த ரேக்கில் வெப்பம் முதலில் ஏறியது என்று தெரிந்தால்தான் காற்றோட்டத்தைச் சீர்செய்ய முடியும் என்பதால், மறுநாள் எல்லா பிஎம்சிகளின் (ஒவ்வொரு சர்வரின் வெப்பம், மின்சாரம் போன்றவற்றைக் கண்காணிக்கும் சிறு கணினி) நிகழ்வுப் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்பது சர்வர்களில் நேரம் ஓரிரு நிமிடங்கள் பின்தங்கியிருந்தது. மூன்றில் ஐந்தரை மணி நேரம் முந்தியிருந்தது. மூன்று வாரங்களுக்கு முன் மின்கம்பியைக் கழற்றி இடம் மாற்றிய இரண்டிலோ 1970 ஜனவரி 22 என்று இருந்தது. சர்வரின் லினக்ஸில், நேரத்தைச் சரிசெய்யும் குரோனி என்ற மென்பொருள் ஓடுகிறது, அங்கே நேரம் சரியாகவே உள்ளது. அதே தாய்ப்பலகையில் இருக்கும் பிஎம்சி மட்டும் ஏன் இப்படித் தவறுகிறது?

மறுமொழி (சிறுசேரியிலிருந்து)

ஐயா, ஒரே பலகையில் இருந்தாலும் பிஎம்சி தனிக் கணினி. சர்வர் அணைந்திருக்கும்போதும் அது காத்திருப்பு மின்சாரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும். குரோனி திருத்தும் நேரம் தானாக அதைச் சென்றடையாது. பல பலகைகளில், சர்வர் துவங்கும்போது பயாஸ் (சர்வரைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) தன் கடிகாரத்தின் நேரத்தை பிஎம்சிக்குக் கொடுக்கும். அதன்பின் பிஎம்சி தன் கடிகாரத்தை இயக்கும் படிகத்தை நம்பியே எண்ணிக்கொண்டிருக்கும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள படிகம் நாளொன்றுக்கு சுமார் 1.7 விநாடி விலகும். வெப்பநிலை மாறினால் அந்த விலகலும் மாறும். மாதக்கணக்கில் ரீபூட் செய்யாத சர்வர்கள் நிமிடக்கணக்கில் பின்தங்குவது இதனால்தான்.

ஐந்தரை மணி நேரம் முந்தியவற்றில், பயாஸ் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இல்லாமல் இந்திய நேரத்தில் வைக்கப்பட்டிருக்கும் என்று கருதுகிறேன். பிஎம்சிகள் பின்பற்றும் ஐபிஎம்ஐ என்ற தர முறையின் பதிவில் நேரம் என்பது 1970 முதல் எண்ணப்படும் 32 பிட் விநாடிக் கணக்கு. எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு அதில் இராது. இந்திய நேரத்தை யுடிசி என்று எடுத்துக்கொண்டு, காட்டும்போது மேலும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நீங்கள் கண்டதே வரும்.

ஜனவரி 22 என்பதைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிஎம்சி உயிர்பெற்று 21 நாள்கள் ஆயின என்பதே அதன் பொருள். மின்கம்பியை மீண்டும் செருகிய நேரம் உங்களுக்கு நினைவிருந்தால், அதோடு கூட்டி உண்மையான நேரத்தைப் பெறலாம்.

மறுமொழி (தரமணியிலிருந்து)

மேலே சொன்னவற்றோடு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். எந்தக் கடிகாரத்தையும் திருத்துவதற்கு முன்னால், ஒவ்வொரு பிஎம்சியும் இப்போது காட்டும் நேரத்துக்கும் சரியான நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திவிட்டால் பழைய பதிவுகளைச் சரிசெய்வதற்கான ஒரே அளவுகோல் போய்விடும்.

பிறகு பயாஸ் கடிகாரங்கள் அனைத்தையும் யுடிசிக்கு மாற்றி, பிஎம்சிகளில் என்டிபியை (வலையமைப்பு வழியே நேரத்தைச் சரிசெய்யும் முறை) இயக்குங்கள். பிஎம்சிகள் இணைந்திருக்கும் மேலாண்மை வலையமைப்பை இணையத்திலிருந்து பிரித்து வைத்திருப்பீர்கள்; அப்படியே இருக்கட்டும். உள்ளேயே இரண்டு சர்வர்களில் குரோனியை அமைத்து, அவை தேசிய இயற்பியல் ஆய்வகம் அல்லது என்ஐசியின் (தேசியத் தகவலியல் மையம்) நேரத்தைப் பெறும்படி செய்து, பிஎம்சிகள் இவற்றைக் கேட்கும்படி விடுங்கள். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட உத்தரவும் இந்த நேர மூலங்களைத்தான் குறிப்பிடுகிறது. பிஎம்சியில் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) அமைக்காமல் விட்டிருந்தால் பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுங்கள். ஃபயர்வாலில் என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 போர்ட் திறந்திருக்க வேண்டும்.

என்டிபி இல்லாத பழைய பிஎம்சிகளுக்கு, லினக்ஸிலிருந்து ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவி வழியாக நாள்தோறும் நேரத்தை அமைக்கலாம். ஆனால் ஒரே பிஎம்சிக்கு இரண்டு வழிகளையும் வைக்காதீர்கள். கடைசியாக நேரத்தை மாற்றியது எது என்று பின்னர் கண்டறிய முடியாது. 1970இல் நிற்கும் பிஎம்சி, சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று கருதி எல்டாப் (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் சரிபார்க்கும் முறை) உள்நுழைவை மறுக்கக்கூடும் என்பதால், அந்த இரண்டையும் முதலில் சரிசெய்யுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நல்லவேளையாக இதுவரை எதையும் திருத்தவில்லை. வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்ததில், ஏசிக்கு மிக அருகிலிருக்கும் ரேக்கின் மேல்தட்டு சர்வர்தான் முதலில் அணைந்திருக்கிறது. அங்கே காலியான தட்டுகளுக்கு மறைப்புத் தகடு போடாமல் விட்டிருக்கிறோம். இன்று மாலை அதைப் போட்டுவிட்டு என்டிபி வேலையைத் தொடங்குகிறேன்.