போமோனா சந்தையில் கிடைத்த 64 இம்பாலா

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. டை-காஸ்ட் கார், அதாவது உலோகத்தில் வார்த்த சின்ன மாடல் கார் சேர்க்கும் பழக்கம் அதற்கும் முந்தையது. ஆனால் லோரைடர், அதாவது தரையை ஒட்டுமாறு தாழ்த்தி அலங்கரித்த கார், அதன் மாடலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவர், போமோனா பழைய கார் சந்தையில் கடை விரித்திருந்த ஒரு மெக்சிகோ வம்சாவளிப் பெரியவர்தான்.

அவர் மேசையில் 1:24 அளவில் (நிஜ வண்டியில் 24-ல் ஒரு பங்கு) ஒரு செவர்லே இம்பாலா கார், பெட்டி இல்லாமல் இருந்தது. நல்ல சிவப்பு. வெயிலில் திருப்பினால் சிவப்புக்கு அடியில் வெள்ளி மினுங்கியது. நிஜ வண்டிக்கும் இப்படித்தான் வெள்ளியைப் பூசி, அதன்மேல் ஊடுருவித் தெரியும் வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். கேண்டி பெயின்ட் என்பது இதுதான்.

எந்த வருஷத்து வண்டி என்று கேட்டேன். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பக்கத்துக்கு மூன்றாக ஆறு விளக்குகள், அவற்றின் மேலே ஓடி இரு பக்கமும் வளைந்து இறங்கும் குரோம் பட்டை. "இந்தப் பட்டை இருந்தால் 64, மிஹோ" என்றார். 1964 மாடல் என்று அர்த்தம். மிஹோ என்றால் ‘மகனே’.

அப்புறம் சக்கரத்தை விரலால் தட்டினார். "இதுதான் தப்பு. நாங்கள் போடுவது 13 அங்குலக் கம்பிச் சக்கரம்." மாடலை வாங்கி வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தை அளந்தேன். 13 அங்குலம் இந்த அளவில் 14 மில்லிமீட்டர்கூட முழுதாக வராது. மாடலில் இருந்ததோ 20.

அன்று சந்தையிலேயே, பேசிக்கொண்டே தன் சொந்த 64-ஐக் காட்டக் கூட்டிப் போனார். டிக்கியைத் திறந்தால் வரிசையாக பேட்டரிகளும் இரண்டு பம்புகளும். என் மாடலின் டிக்கியிலும் அதே அமைப்பு, பெயின்டில். சுவிட்சைத் தட்டினார். பம்ப் கிறீச்சிட்டது, பின்மூலை ஒன்று தரையோடு படிந்தது, எதிர்மூலை முன்சக்கரம் அந்தரத்தில் நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இந்தப் பம்ப் வந்த கதை தெரிந்தால் மாடலின் மேல் இன்னும் பிரியம் வரும். சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் 1958-ல் சட்டம் வந்தது. மறு வருஷமே ரான் அகிரே என்பவர் தன் கோர்வெட் காரில் ஹைட்ராலிக்ஸ், அதாவது பம்பால் திரவத்தை அழுத்தி வண்டியை ஏற்றி இறக்கும் அமைப்பைப் பொருத்தினார். போலீஸைக் கண்டால் வண்டி எழும்பும், அவர்கள் போனதும் படியும். பெரியவரும் இளவயதில் விட்டியர் பூலவார்டு என்ற சாலையில் வாங்கிய அபராதச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறாராம். அந்தத் தடை 2024 ஜனவரி 1-ல்தான் நீங்கியது. அதைச் சொன்னபோது அவர் குரல் கம்மியது.

வேறொரு மாடல் கிட்டிலிருந்து (பாகங்களைப் பூட்டிச் செய்யும் பெட்டி) சின்னக் கம்பிச் சக்கரங்கள் எடுத்து மாற்றிவிட்டேன். அச்சை மட்டும் கொஞ்சம் அறுக்க வேண்டியிருந்தது. இப்போதுதான் அது லோரைடர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த சந்தைக்கு அதை எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.